மூன்று காலைகள், ஒரே கணக்கு

(சேலத்தில் ஓட்டக் குழுக்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பல நாள் ஓட்டப்போட்டி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதுமே பலர் மனத்தில் பாலைவனம் வந்திருக்கும். சஹாராவில், மொராக்கோ நாட்டில் நடக்கிறதே, மாரத்தான் தெ சாப்ல், அதுதான் இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. 1986இல் 23 பேரோடு தொடங்கிய போட்டி. தூரம் சுமார் 250 கிலோமீட்டர். சாப்பாட்டை முதுகில் சுமந்துகொண்டு மணலில் ஓட வேண்டும். இன்று அதில் கலந்துகொள்ள லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை.

நம்மிடம் இருப்பவர்கள் யார்? பள்ளிக்கூட ஆசிரியர், நூற்பாலைச் சூப்பர்வைசர், மளிகைக்கடைக்காரர், வங்கியில் வேலை பார்க்கும் அம்மா, ஓய்வு பெற்ற போலீஸ்காரர். காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் கூடி, ஏழு மணிக்குக் கலைகிறவர்கள். இவர்களுக்கு, இவர்கள் ஊரிலேயே, ஆளுக்கு அறுநூறு ரூபாய்க்குள் ஒரு மூன்று நாள் போட்டி நடத்த முடியுமா? முடியும். அதற்கு ஒரே நிபந்தனைதான்: ஓடுகிறவர் ராத்திரி தன் வீட்டில் தூங்க வேண்டும்.

சாதாரணமாகச் சொன்னாலும் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. பல நாள் போட்டிகளில் பணம் ஓட்டத்துக்குச் செலவாவதில்லை. படுக்கைக்கும், சமையலுக்கும், கூடாரத்துக்கும், மூட்டை தூக்கும் வண்டிக்கும் போகிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடிப்போகும் போட்டி என்றால், ஓடுகிறவர்களுக்கு முன்னால் ஒரு சிற்றூரையே நகர்த்திக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அதை நகர்த்த முயன்ற ஒருவரின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் சி. சி. பைல் என்று ஒரு விளையாட்டு வியாபாரி. 1928 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு போட்டி வைத்தார். ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர், 84 நாள். கிளம்பியவர்கள் 199 பேர், வந்து சேர்ந்தவர்கள் 55 பேர். முதல் பரிசு 25,000 டாலர். ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஆண்டி பெய்ன் என்ற செரோக்கி இளைஞர் வென்றார், அந்தப் பணத்தில் வீட்டு நிலத்தின் அடமானத்தை மீட்டார். அவர் பக்கம் சுபம். பைலின் பக்கம் வேறு. வழியில் வரும் ஒவ்வோர் ஊரும் தமக்குப் பணம் தரும், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். பல ஊர்கள் கையை விரித்துவிட்டன. ஓடியவர்களின் சாப்பாடு மட்டமாகிக்கொண்டே போனது. பைலுக்குப் பெரும் நஷ்டம். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. அடுத்த வருடம் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு மறுபடியும் ஓடவிட்டார். அந்த வருடம் ஜெயித்தவருக்குப் பரிசுப் பணம் வந்து சேரவே இல்லை.

பைலின் தவறு நம் ஊரிலும் நடப்பதுதான். 'ஸ்பான்சர் வருவார்' என்ற நம்பிக்கையை வரவுப் பக்கத்தில் எழுதுவது. கையில் இருக்கும் பணத்தை மட்டும் எழுதுங்கள். மற்றது வந்தால் வரட்டும்.

இதற்கு நேர் எதிரான மாதிரி ஒன்று இங்கிலாந்தில், மான்செஸ்டரை அடுத்த டேம்ஸைடு என்ற பகுதியில் இருக்கிறது. 'டூர் ஆஃப் டேம்ஸைடு' என்று பெயர், 1980களில் தொடங்கியது. பிற்கால வடிவத்தில் நான்கு நாள், நான்கு ஓட்டம்: ஒரு நாள் காட்டுப்பாதை, ஒரு நாள் குன்று ஏற்றம், ஒரு நாள் அரை மாரத்தான், கடைசி நாள் ஏழு மைல் சாலை ஓட்டம். அந்தக் கடைசி ஓட்டம் ரான் ஹில்லின் பெயரைத் தாங்கியது. 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர் அவர். ஜவுளி வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒரு நாள் விடாமல் ஓடியவர். அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைய கூட்டம் முடியாது. நமக்கு வேண்டியது இது: நான்கு ஓட்டங்களும் ஒரே வட்டாரத்துக்குள் நடக்கின்றன. சுற்றுவட்டாரத்துக் குழுக்காரர்கள் ஓடிவிட்டு வீட்டுக்குப் போகலாம், மறுநாள் வரலாம். நான்கு நேரத்தையும் கூட்டி யார் குறைவோ அவர் முதல்.

இதை நம் சேலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் தேதி. ஜனவரி நல்ல குளிர், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பொங்கல் போனதும், ஓடுதளம் இருக்கும் காந்தி மைதானம் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்குப் போய்விடும். பிப்ரவரி பாதிக்குமேல் வெயில் முகத்தில் அடிக்கத் தொடங்கும். ஆகவே பிப்ரவரி முதல் பாதி. வெள்ளி, சனி, ஞாயிறு.

வெள்ளிக்கிழமை மலை. ஏற்காடு அடிவாரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் ஏற்றம், அவ்வளவுதான். ஏன் வெள்ளி என்று கேட்பீர்கள். சனி, ஞாயிறில் ஏற்காட்டுக்கு வரும் கார்களை நீங்களே பார்க்கிறீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஒரு சுற்றுலா வேன் திரும்பும்போது அங்கே இருபது பேர் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வேலை நாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்கு முடிந்துவிடும், குளித்துவிட்டு ஆபீஸ் போகலாம். அதோடு, எல்லோரையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒருவர் என்று விடுங்கள், மெதுவாக ஓடுகிறவர் முதலில், வேகக்காரர் கடைசியில். அறுபது பேர் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். சாலை ஓரத்தில் ஒற்றை வரிசைதான் இருக்கும், போக்குவரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. மேலே எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் கடைசி ஆளுக்காகக் காத்துக் கிடக்கவும் வேண்டாம். இறங்கும்போது ஓடக் கூடாது, வேனில்தான் இறங்க வேண்டும். மலை இறக்கத்தில் ஓடினால் தொடை அடுத்த இரண்டு நாளைக்கு உங்களோடு பேசாது.

சனிக்கிழமை காந்தி மைதானத்தில் 5,000 மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. அறுபது பேரை வேகப்படி நான்கு பிரிவாகப் பிரித்து விடலாம். நம்மில் பலர் பத்து மாரத்தான் ஓடியிருப்பார்கள், ஆனால் ஓடுதளத்தில் சுற்று எண்ணி ஒரு முறைகூட ஓடியதில்லை. வேகம் என்றால் என்ன என்று அங்கே தெரியும். இங்கே வரும் ஒரே சண்டை சுற்று எண்ணுவது. 'நான் பன்னிரண்டு முடித்துவிட்டேன்', 'இல்லை, பதினொன்றுதான்' என்று தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது. அதற்கு வழி இருக்கிறது. அடுத்த பிரிவில் ஓடப்போகிறவர்களையே எண்ண உட்கார வையுங்கள், ஒருவருக்கு மூன்று பேருக்குமேல் கொடுக்காதீர்கள். வெறும் கோடு போட்டு எண்ணாமல், ஒவ்வொரு சுற்றிலும் கடிகார நேரத்தை எழுதச் சொல்லுங்கள். ஒரு சுற்று விட்டுப்போனால் அந்த இடத்தில் நேர இடைவெளி இரட்டிப்பாகத் தெரியும், வாக்குவாதத்துக்கு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை 15 கிலோமீட்டர், கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக் கரையை ஒட்டி மண்பாதையும் கிராமச் சாலையும் கலந்து. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பலாம். போட்டி முடிவாவதும் அன்றுதான்.

இந்த இடத்தில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நேரத்தைக் கூட்டுவதா, இடத்துக்குப் புள்ளி கொடுப்பதா என்று குழுக்களில் தகராறு வரும். நேரத்தைக் கூட்டினால் நீளமான ஓட்டத்தில் வல்லவருக்கே லாபம். 5,000 மீட்டரில் இரண்டு நிமிடம் முந்தியவர் 15 கிலோமீட்டரில் ஆறு நிமிடம் பின்தங்கலாம். புள்ளி கொடுத்தால் மூன்று நாளும் சமமாகும். நான் நேரத்தின் பக்கம். முந்தினவரோடு தமக்கு எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று ஞாயிறு காலை ஒவ்வொருவரும் மனத்திலேயே வைத்துக்கொண்டு ஓட முடியும். புள்ளிக்கு மேசையும் காகிதமும் வேண்டும், ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாது.

தனிநபரோடு அணிப் போட்டியும் வையுங்கள். நான்கு பேர் அணி. அதில் ஒரு பெண் கட்டாயம், ஐம்பது வயது தாண்டிய ஒருவர் கட்டாயம், நால்வரின் நேரமும் கணக்கில் சேரும். அப்போதுதான் குழுவின் வேகக்காரர்கள் ஓடி முடித்ததும் வீட்டுக்குப் போகாமல், கடைசியில் வரும் தங்கள் மாமாவுக்காகக் கோட்டருகே நின்று கத்துவார்கள். ஒரு நாள் வர முடியாமல் போனவரை விரட்டாதீர்கள். மொத்தக் கணக்கில் இடமில்லை, மற்ற இரண்டு நாளும் ஓடலாம் என்று சொல்லுங்கள். நம்மில் பாதிப் பேருக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்.

இனி நேரம் எடுப்பது. நேரம் பதியும் சிப் வேண்டுமா? அறுபது பேருக்கு வேண்டவே வேண்டாம். உலகமெங்கும் இன்று சனிக்கிழமைகளில் நடக்கும் பார்க்ரன், 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. அன்று முடித்தவர்களுக்கு வில்லையாகக் கொடுத்தது என்ன தெரியுமா? இரும்புக்கடை வாஷர். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பார்க்லி என்று ஒரு மலைக்காட்டு ஓட்டம் நடக்கிறது. 60 மணி நேர வரம்பு, பல வருடங்களில் ஒருவர்கூட முடிப்பதில்லை. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர் அறுபது சென்ட். வழியில் யார் சரியாகப் போனார் என்று பார்க்க அங்கே கருவி கிடையாது. காட்டுக்குள் ஆங்காங்கே பழைய புத்தகத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். உங்கள் எண்ணுள்ள பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். உலகத்தின் மிகக் கடினமான போட்டியே இப்படி நடக்கும்போது நமக்கு என்ன குறை? மூக்கனேரிக் கரையில் குறுக்கு வழி இருக்கும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, கலர் ரப்பர் பேண்ட் கொடுக்கச் சொன்னால் போதும். கையில் பேண்ட் இல்லாமல் வந்தவர் வேறு வழியில் வந்தவர்.

முடிவுக் கோட்டில் மூன்று பேர் வேண்டும். கோட்டைத் தாண்டியதும் ஓர் ஆள் மட்டும் நடக்கும் அகலத்தில் இருபதடிக்குக் கயிறு கட்டிவிடுங்கள். முதல் ஆள் கோட்டில் நின்று, ஒவ்வொருவர் தாண்டும்போதும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவார். எண்ணைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்க்க மாட்டார், 'சபாஷ் அண்ணா' என்றுகூடச் சொல்ல மாட்டார். இரண்டாம் ஆள் கயிற்றின் கடைசியில் நின்று, வருகிற வரிசைப்படி மார்பு எண்ணை மட்டும் எழுதுவார். ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் அவர் சத்தமாக 'பத்து', 'இருபது' என்று கூப்பிட வேண்டும். நேரம் எடுப்பவர் தன் தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு கிழிப்பார். எங்காவது ஒருவர் விட்டுப்போயிருந்தால், அந்தப் பத்துக்குள் தேடினால் போதும். மூன்றாம் ஆளின் வேலை, கயிற்றுக்குள் யாரும் முந்தாமல், தண்ணீர் தண்ணீர் என்று கயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாமல் பார்ப்பது. முடிந்தால் ஒரு செல்போனைக் கோட்டைப் பார்த்து வைத்து வீடியோ ஓடவிடுங்கள். மலை நாளில் மட்டும் ஒரு கூடுதல் வேலை: முடித்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழிக்க வேண்டும். அதைக் கணக்கு வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள், எல்லாக் குழுவிலும் ஒருவர் இருக்கிறார்.

ஆட்கள்? ஐந்து பேரை ஓட அனுப்பும் குழு இரண்டு பேரை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த இருவர் வராவிட்டால் அந்த ஐவரும் ஓட முடியாது. கடுமையாகத் தெரியும். ஆனால் இல்லாவிட்டால் கடைசியில் நடத்துகிறவர் வீட்டு அம்மாவும் பிள்ளைகளும்தான் வாழைப்பழம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

பணத்துக்கு வருவோம். அறுபது பேர், ஆளுக்கு 600, மொத்தம் 36,000. நான் போட்ட கணக்கில் மூன்று காலைக்கும் தனியார் ஆம்புலன்ஸ், நர்ஸ், டாக்டர் என்று 15,000. காப்பீடு, மைதானக் கட்டணம், அனுமதிச் செலவு 5,000. தண்ணீர் கேன், பழம், ஓஆர்எஸ், ஐஸ் 5,000. மார்பு எண்ணும் ஊக்கும் 2,000. மூன்று நாளுக்கும் ஒரே எண்தான், கிழியாத தாளில் அடியுங்கள். மலையிலிருந்து இறக்கும் வேன் 4,000. எவர்சில்வர் டம்ளர் அறுபது, 4,800. மிச்சம் இருநூறு ரூபாய், பேனாவுக்கும் அட்டைக்கும். விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பாதிக்கும் மேல் மருத்துவத்துக்கும் காப்பீடு, அனுமதிக்கும் போக வேண்டும் என்ற விகிதத்தை மாற்றாதீர்கள்.

டம்ளர் எதற்கு என்று சிரிக்கிறீர்கள். முதல் நாளே ஆளுக்கொரு டம்ளர், பாத்திரக்கடையில் சீர்வரிசைக்குப் பெயர் வெட்டுவது போல அதில் போட்டியின் பெயரும் வருடமும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். மூன்று நாளும் தண்ணீர் குடிக்க அதுதான். மண்ணில் காகிதக் கப் விழாது, அள்ளிக்கொண்டு அலைய வேண்டாம். மெடல் அலமாரியில் தூசு படியும், டம்ளரில் வீட்டில் காபி குடிப்பார்கள். டி-ஷர்ட்டா? எல்லோர் வீட்டிலும் தரை துடைக்கும் அளவுக்கு இருக்கிறது. பரிசுக்குச் சேலத்து ஜவ்வரிசி ஐந்து கிலோ மூட்டை கொடுக்க ஒரு வியாபாரி கிடைப்பார். மேடை, மைக்செட், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் நான்கும் வேண்டாம். அந்த நான்கில்தான் குறைந்த செலவுப் போட்டிகள் உயிரை விடுகின்றன.

இதுவரை சிக்கனம் பேசினேன். சிக்கனம் நுழையவே கூடாத இடம் ஒன்று உண்டு. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். நடுவழியில் ஆலங்கட்டி மழையும் பனிக்காற்றும் அடித்தன. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையோடு இருந்தார்கள், காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயமாக்கப்படவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 மார்ச்சில் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு இங்கே விதிகள் வந்தன. தார்ச்சாலையை விட்டுக் காட்டுக்குள் ஓட நினைத்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள். சாலையில் ஓடுவதற்கும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். '108 இருக்கிறதே' என்பது திட்டமல்ல. அது கூப்பிட்ட பிறகு வருவது. நமக்கு வேண்டியது முன்பே வந்து நிற்பது.

நம் ஊரில் பயப்பட வேண்டியது குளிருக்கல்ல, சூட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை முடிவுக் கோட்டில் குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி பெரிதாக ஒன்று இரவல் வாங்கித் தண்ணீர் நிரப்பி வையுங்கள், பக்கத்தில் இரண்டு ஐஸ் பார். ஒருவர் தள்ளாடிக்கொண்டு, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, உடம்பு கொதிக்க வந்தால், டாக்டரின் மேற்பார்வையில் அந்தத் தொட்டியில் உட்கார வைத்துச் சூட்டைத் தணித்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்ப வேண்டும். வெப்பத்தாக்கில் வழியில் போகும் நிமிடங்கள்தான் ஆளைக் கொல்கின்றன. வேலைக்கு வரும் அத்தனை பேரும் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிபிஆர் பயிற்சியை முன்பே எடுத்திருக்க வேண்டும்.

பல நாள் போட்டிக்கே உரிய ஆபத்து இரண்டு. ஒன்று வலி மாத்திரை. வெள்ளிக்கிழமை மலை ஏறி, தொடை வலி என்று ராத்திரி டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ஓடுவார்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இன்னொன்று, அளவுக்கு மீறி அடிபட்ட தசை சிதைந்து ரத்தத்தில் கலப்பது. சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போகும். ஆகவே இரண்டாம், மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி: காய்ச்சல் உண்டா, மாத்திரை போட்டீர்களா, சிறுநீர் என்ன நிறம். கூச்சப்படாமல் கேளுங்கள். 'நீங்கள் இன்று ஓட வேண்டாம்' என்று டாக்டர் சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, முதலிடத்தில் இருப்பவராக இருந்தாலும் சரி, குழுத் தலைவராக இருந்தாலும் சரி. கட்டணம் வாங்கும்போதே இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் அறுபது பேருக்குமேல் எடுக்காதீர்கள். நூறு பேர் கேட்பார்கள், எம்.எல்.ஏ. சிபாரிசோடு வருவார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

வந்திருக்கும் குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் போஸ்டர் அடிக்கப் போகாதீர்கள், பெயர் யோசிக்காதீர்கள், லோகோ வரையச் சொல்லாதீர்கள். உங்கள் ஊரில் ஓடுகிற டாக்டர் ஒருவர் இருப்பார், இல்லாவிட்டால் ஓடுகிறவரின் மாப்பிள்ளை டாக்டராக இருப்பார். பிப்ரவரியில் அவருக்கு எந்த மூன்று காலைகள் ஒழியும் என்று கேளுங்கள். அந்தத் தேதிதான் போட்டித் தேதி.